சாம்பல் புதனுக்கு முன் வந்த கடிதம்

நவம்பர் 6

அன்புள்ள சின்னவளுக்கு,

பெரியவள் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இடது முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது. உன் இருமல் போனதா? போன கடிதத்தில் "பரவாயில்லை" என்று எழுதியிருந்தாய். நீ பரவாயில்லை என்றால் மடம் முழுக்கத் தூங்கவில்லை என்று அர்த்தம். இத்துடன் ஒரு பாட்டில் மருந்து அனுப்பியிருக்கிறேன். காலையும் மாலையும் இரண்டு மூடி. மதரிடம் காட்டிவிட்டுக் குடி.

மருந்துக்கடை வேலை அப்படியே போகிறது. பதினெட்டு வருஷமாக அதே கவுண்டர், அதே டாக்டர்கள், அதே கோழி கிறுக்கிய கையெழுத்து. வியாழக்கிழமை மட்டும் அரைநாள். உன் அத்தான் போன பிறகு அந்த அரைநாள்தான் என்னைக் கொன்றது. அதனால்தான் பங்குக் கோயில் மண்டபத்தில் நடக்கிற அருங்கொடைச் செபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். எதிர்வீட்டுத் தையல்காரியையும் இழுத்துக்கொண்டு போகிறேன். அவளுக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. "தனியா மெஷின் சத்தம் கேட்டுக்கிட்டு இருக்கறதுக்கு உங்க பாட்டுச் சத்தம் தேவலை" என்று வருகிறாள்.

உனக்குத் தெரியாதே, சொல்கிறேன். பாட்டு முடிந்து துதி தொடங்கும்போது ஒருவர் திடீரென்று யாருக்கும் புரியாத மொழியில் பேசுவார். பரவசப் பேச்சு. அது நின்றதும் கூட்டம் முழுக்க மூச்சு விடாமல் இருக்கும். அப்புறம் டீச்சர் எழுந்து அதற்கு விளக்கம் சொல்வார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். அது அவருக்குக் கிடைத்த வரம். நல்ல மனுஷி.

என் பிரச்சினை இதுதான். ஏழு வாரப் பயிற்சி முடித்தேன். தலையில் கைவைத்து அருட்பொழிவுக்குச் செபித்தார்கள். என்னோடு சேர்ந்த எட்டுப் பேருக்கும் பரவசப் பேச்சு வந்துவிட்டது. வீட்டில் மனைவி எதிரில் வாயே திறக்காத பால்காரருக்குக்கூட வந்துவிட்டது. எனக்கு மட்டும் வரவில்லை. கூட்டத்தை நடத்துகிறவர் ரிட்டயரான பஸ் கண்டக்டர். "பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே வண்டி ஓட்டுறீங்கம்மா. விடுங்க" என்கிறார். எதை விடுவது என்று தெரியவில்லை. இப்போது என்னை நாற்காலி போடுகிற வேலையில் வைத்திருக்கிறார்கள். பாவம் என்று பார்க்கிறார்கள், சின்னவளே. அதைத்தான் தாங்க முடியவில்லை.

எனக்காக வேண்டிக்கொள்.

உன் பெரியவள்

நவம்பர் 24

அன்புள்ள பெரியவளுக்கு,

சமாதானம். உன் முழங்காலுக்கும் சேர்த்துத்தான். மருந்து வந்தது. மதர் ஒரு மூடி தான் குடித்துப் பார்த்துவிட்டு, "உங்க அக்கா கசப்பா இருந்தாத்தான் மருந்துன்னு நினைக்கிறவங்க போல" என்றார். இருமல் பரவாயில்லை. நிஜமாகவே.

இங்கே அப்பம் சுடுகிற வேலை மும்முரம். கிறிஸ்து பிறப்புக்கு எல்லாக் கோயில்களும் இரண்டு பங்கு நற்கருணை அப்பம் கேட்கின்றன. மாவு நீர்த்தால் குமிழி, கெட்டியானால் விரிசல். இரும்பு அச்சில் சுட்டெடுத்த தகட்டை உடனே வெட்டவும் முடியாது, நொறுங்கிவிடும். ஒரு நாள் முழுக்க ஈரமான அறையில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். அந்த அறைக்குள் போய்வந்தால் எனக்கு இருமல். மதரிடம் சொல்லாதே.

உனக்கா பேச்சு வரவில்லை? சின்ன வயதில் உன் வாயை மூட அப்பா காசு கொடுத்துப் பார்த்தார், அப்பவும் மூடவில்லை. வராவிட்டால் போகட்டுமே. நாற்காலி போடுவதும் ஒரு வரம்தான். உட்காருகிறவர்களுக்குத் தெரியும்.

ஆனாலும் வேண்டிக்கொள்கிறேன். தையல்காரியை விசாரித்ததாகச் சொல். அவளை எனக்குப் பிடித்திருக்கிறது.

உன் சின்னவள்

டிசம்பர் 12

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். உன் நலத்துக்கு ஆண்டவருக்கு நன்றி. அந்த ஈர அறைக்குள் போகும்போது வாயில் துணி கட்டிக்கொள்.

உன் வேண்டுதல் பலித்துவிட்டது. நேற்று எனக்கும் வந்தது. டீச்சர் கட்டிப்பிடித்து அழுதார். கண்டக்டர் அண்ணன் "ரைட், போகலாம்!" என்று கத்தினார், எல்லோரும் கைதட்டினார்கள். இனி நாற்காலி போட வேறு ஆள்.

எப்படி இருந்தது என்று கேட்காதே. சொல்லத் தெரியவில்லை.

வேறு விஷயம். தையல்காரிக்கு மார்பில் ஒரு கட்டி. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டிருக்கிறது. பதினைந்து நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தாளாம். நான்தான் தரதரவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். நல்ல கட்டி இல்லை. ஆனால் சின்னது. சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டதால் கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்கிறார் டாக்டர். ஜனவரி 29-ம் தேதி ஆபரேஷன். "தையலைப் பிரிச்சுப் போட்டு மறுபடி தைக்கிற மாதிரிதானே, எனக்கென்ன பயம்" என்றாள். அன்றைக்கு அவள் தைத்த சட்டையில் கை இரண்டும் இடம் மாறியிருந்தது.

அவளுக்காக வேண்டிக்கொள். பண்டிகை வாழ்த்துகள்.

உன் பெரியவள்

டிசம்பர் 28

அன்புள்ள பெரியவளுக்கு,

பாலன் பிறப்பு வாழ்த்துகள், தாமதமாக. உடம்பு எப்படி இருக்கிறது? அப்பம் அனுப்பி முடிப்பதற்குள் எங்கள் இடுப்பு ஒடிந்துவிட்டது.

உன் செய்தியை மூன்று முறை படித்தேன். எப்படி இருந்தது என்று கேட்காதே என்கிறாய். கேட்கிறேன். சூடாக இருந்ததா? நெஞ்சிலா, தொண்டையிலா? உன் வாய் என்று உனக்குத் தெரிந்ததா? ஆண்டவர் பக்கத்தில் இருக்கிறார் என்று நிச்சயமாகத் தெரிந்ததா? சுருக்காமல் எழுது. இரண்டு பக்கம் எழுதினாலும் படிப்பேன்.

தையல்காரிக்காக நாங்கள் பதினொரு பேரும் தினமும் ஒரு பத்துமணி செபமாலை சொல்கிறோம். ஆபரேஷன் அன்று காலையில் அவளோடு நீ போகிறாய்தானே?

உன் சின்னவள்

ஜனவரி 19

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். நீ கேட்டதை இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது கடையில் கூட்டம்.

தையல்காரி ஆபரேஷனை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். போன வியாழன் கூட்டத்தில் அவளை நடுவில் உட்கார வைத்து எல்லோரும் கைவைத்துச் செபித்தோம். பரவசப் பேச்சு வந்தது. நீளமாகவே வந்தது. அப்புறம் அமைதி. டீச்சர் எழுந்து, கண்ணை மூடியபடியே விளக்கம் சொன்னார். "மகளே, உன் மேல கத்தி பட வேண்டாம். உன்னைத் தச்ச கை என்னோட கை. நானே பிரிச்சு நானே தைப்பேன்." இவ்வளவுதான். தையல்காரி தேம்பித் தேம்பி அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் அவளே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து தேதியை ரத்துசெய்துவிட்டாள். டாக்டர் திட்டினாராம். இதுவரை இந்தக் கூட்டத்தில் யாரிடமும் வைத்தியத்தை விடு என்று சொன்னது கிடையாது. கண்டக்டர் அண்ணனே சர்க்கரை மாத்திரையை என்னிடம்தான் வாங்குகிறார். அவருக்கும் கொஞ்சம் திகைப்புதான். "ஆண்டவர் சொன்னா நாம யாரு" என்று விட்டுவிட்டார்.

அவள் இப்போது பாடிக்கொண்டே தைக்கிறாள். சந்தோஷமாக இருக்கிறாள். அது நல்லதுதானே?

உன் பெரியவள்

ஜனவரி 30

அன்புள்ள பெரியவளுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உன் கடிதத்தில் எழுத்து கோணிக்கொண்டு இருக்கிறது. கடையில் கூட்டம் இருந்தாலும் நீ கோணி எழுதுகிறவள் இல்லை.

ஆண்டவர் குணப்படுத்துவார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் டாக்டரை விலக்கிவிட்டுத்தான் குணப்படுத்துவேன் என்று அவர் அடம்பிடிப்பவர் இல்லை. யார் என்ன பேசினாலும், யார் விளக்கம் சொன்னாலும், மற்றவர்கள் அதை எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் திருச்சபையின் முறை. உங்கள் பங்குத்தந்தைக்கு இது தெரியுமா? அவரிடம் சொன்னீர்களா?

இன்னொன்று. "பரவசப் பேச்சு வந்தது" என்று எழுதியிருக்கிறாய். யாருக்கு வந்தது என்று எழுதவில்லை. பால்காரருக்கு வந்தால் பால்காரர் என்று எழுதுவாய். யார் பேசியது, பெரியவளே?

பிப்ரவரி 18 சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிறது. அன்றிலிருந்து உயிர்ப்புப் பெருவிழா வரைக்கும் எங்களுக்குக் கடிதம் கிடையாது, உனக்குத் தெரியும். வருவதெல்லாம் மதரின் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். அதற்குள் வந்து சேரும்படி எழுது. தாமதமானால் உறையின் மேல் "அவசரம்" என்று எழுது. அப்படி எழுதியிருந்தால் மதர் அன்றைக்கே கொடுத்துவிடுவார்.

உன் சின்னவள்

பிப்ரவரி 12

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம் விசாரிக்கவெல்லாம் இன்று மனசில்லை. மன்னித்துக்கொள்.

நான்தான் பேசினேன்.

எனக்கு எதுவும் வரவில்லை, சின்னவளே. டிசம்பரிலும் வரவில்லை, ஜனவரியிலும் வரவில்லை. அந்த முதல் வியாழன் டீச்சர் என் தலையில் கைவைத்துக் கால் மணி நேரம் நின்றார். எனக்காக இவ்வளவு கஷ்டப்படுகிறாரே என்று வெட்கமாகிவிட்டது. வாயைத் திறந்தேன். என்ன வாயில் வந்தது தெரியுமா? மாத்திரைப் பெயர்கள். மெட்ஃபார்மின் வாலை வெட்டி அமாக்சிசிலின் தலையோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஷெல்ஃப் ஷெல்ஃபாகப் போனேன். பதினெட்டு வருஷம் அடுக்கிய ஷெல்ஃப். தடங்கலே இல்லாமல் வந்தது. எல்லோரும் அழுதார்கள்.

பெரிய பாவமாகத் தோன்றவில்லை. யாருக்கு நஷ்டம் என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஜனவரி வியாழன் தையல்காரி நடுவில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஆரம்பித்தேன். மேல் ஷெல்ஃபிலிருந்து கீழ் ஷெல்ஃப் வரைக்கும் வந்தேன். நின்றேன். டீச்சர் எழுந்து கத்தி வேண்டாம் என்றார்.

என்ன அது? நான் சொன்னதில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாததற்கு எப்படி விளக்கம் சொன்னார்? அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

நான் உண்மையைச் சொன்னால் டீச்சர் முகத்தில் எப்படி விழிப்பேன்? கண்டக்டர் அண்ணன், பால்காரர், எல்லோரும் தங்கள் வரமும் இப்படித்தானோ என்று யோசிக்க மாட்டார்களா? அவர்களுடையது நிஜம். என்னுடையதுதான் பொய். அதோடு, நான் பொய் சொன்னாலும் ஆண்டவர் அதையே வைத்து அவளைக் குணப்படுத்திவிடுவாரோ என்றும் ஒரு நப்பாசை. மருந்துக்கடைக்காரிக்கு வரக் கூடாத நப்பாசை.

நான் என்ன செய்ய வேண்டும்? நீ சொல்கிறபடி செய்கிறேன். சத்தியமாக.

உன் பெரியவள்

மார்ச் 8

அன்புள்ள சின்னவளுக்கு,

பதில் இல்லை. கடிதம் 17-ம் தேதிக்குள் வந்ததா, பிந்திவிட்டதா, தெரியவில்லை. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். போன முறை உறையின் மேல் "அவசரம்" என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எழுதவில்லை. எழுதினால் உன் பதில் சீக்கிரம் வந்துவிடும். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். இந்த முறை பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கத்தவில்லை. பாவமன்னிப்புச் செபத்தைச் சொல்லி முடித்தார். பிறகு, "பாவம் மன்னிக்கப்பட்டுடுச்சும்மா. ஆனா அந்தப் பொண்ணு இன்னும் ஆபரேஷன் பண்ணிக்கலியே. இங்க கேட்டதை நான் வெளிய பேச முடியாது. நீங்கதான் போய்ச் சொல்லணும்" என்றார். போனேன். நாலு முறை போனேன். முதல் முறை, பாவாடைக்கு நாடா மாற்றக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டாம் முறை, அதை வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்றாம் முறை, கொடுக்க எதுவும் இல்லாமல் நல்ல தலையணை உறையின் தையலை நானே பிரித்து எடுத்துக்கொண்டு போனேன்.

நாலாவது முறை நேற்று. கதவைச் சாத்திவிட்டு அவள் என் கையைப் பிடித்து இழுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். "பாருங்கக்கா. சின்னதாயிட்ட மாதிரி இல்ல?" என்றாள்.

டிசம்பரில் தொட்டுப் பார்த்தபோது பட்டாணி அளவு. இப்போது அப்படி இல்லை. சுற்றிலும் கெட்டியாக இருக்கிறது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரியா தெரியலையே" என்றேன்.

கடையில் ஒரே மாத்திரையை மூன்று முறை எண்ணுகிறேன். எழுது, சின்னவளே. திட்டியாவது எழுது.

உன் பெரியவள்

மார்ச் 13

அன்புள்ள பெரியவளே,

உன் இரண்டு கடிதங்களும் இன்று காலையில் ஒன்றாகக் கிடைத்தன. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை முழுக்கப் படிக்காதே. போய் அவளிடம் சொல். சொல்லிவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

போய்விட்டு வந்தாயா?

உன்னைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை. உன் முதல் கடிதம் பிப்ரவரி 17-ம் தேதி மாலை வந்தது. நான் மதரின் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். மேசை மேல் உன் கையெழுத்தைப் பார்த்தேன். சாம்பல் புதன் மறுநாள்தான். கேட்டிருந்தால் தந்திருப்பார். கேட்கவில்லை. யார் பேசியது என்ற என் கேள்விக்குப் பதில் அதில் இருக்கும் என்று தெரிந்தும் கேட்கவில்லை. அந்தக் கடிதத்தைப் படிக்காமல் இருப்பதையே இந்த வருஷத் தவமாக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். தினமும் அந்த இழுப்பறையைத் துடைக்கும்போது, எவ்வளவு ஆசையை அடக்குகிறேன் பாருங்கள் என்று அவரிடம் பெருமை பேசினேன். இருபத்துநாலு நாள். உள்ளே ஒருத்தியின் உயிர் கிடந்தது.

மதரிடம் இதைச் சொன்னேன். "நோன்பிருக்கிறதுன்னா நம்ம சோத்தைத்தான் விடணும். அடுத்தவ சோத்தை இல்ல" என்றார். அப்புறம் பேனாவும் தாளும் எடுத்துக் கொடுத்தார்.

இன்னொன்றும் சொல்கிறேன். டிசம்பரில் சூடாக இருந்ததா என்று உன்னைத் துருவித் துருவிக் கேட்டேனே. எனக்கு ஒன்றும் தெரியாது, பெரியவளே. இந்த மடத்துக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். செபத்தில் ஒரு முறைகூட எதையும் உணர்ந்ததில்லை. மணி அடித்தால் போகிறேன், முழந்தாளிடுகிறேன், சொல்கிறேன், எழுந்து வருகிறேன். உனக்குக் கிடைத்துவிட்டது என்றதும் எனக்கு வந்தது சந்தோஷம் மட்டும் இல்லை. அன்றைக்கு மாவைக் கெட்டியாகக் கரைத்துவிட்டேன், நாற்பது தகடு விரிசல் விட்டது.

ஒருவேளை நீ இன்னும் போகவில்லை என்றால், இப்போதாவது போ.

உன் சின்னவள்

மார்ச் 21

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் முதல் வரியோடு எழுந்து போனேன். செவ்வாய்க்கிழமை மாலை. கதவு திறந்திருந்தது. அவள் பள்ளிச் சீருடை ஒன்றுக்கு மடிப்புப் பிரித்துக்கொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரைப் பெயர் உட்பட.

அவள் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதை மெதுவாக மெஷின் மேல் வைத்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"உங்களை நான் நம்பலக்கா. டீச்சரையும் நம்பல. எனக்குக் கத்தின்னா பயம். அறுத்துட்டு மூட மறந்துடுவாங்களோன்னு தூக்கமே கிடையாது. யாராவது ஒருத்தர் வேணாம்னு சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன். நீங்க அத்தனை பேரும் சேர்ந்து சொன்னீங்க. பிடிச்சுக்கிட்டேன்" என்றாள். சீருடையைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, "முந்தாநேத்து தொட்டுப் பார்த்தீங்களே, அப்ப தெரிஞ்சுதா இல்லையா?" என்றாள். பத்து நாள் ஆகியிருந்தது. அவளுக்கு அது நேற்று முன்தினம்.

"தெரிஞ்சுது" என்றேன்.

"அதுக்குத்தான் உங்களை மன்னிக்க முடியல. அந்தப் பேச்சு போகட்டும். கை வச்சுப் பார்த்துட்டுத் தெரியலைன்னீங்க பாருங்க." கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் அவள் தம்பி வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். என்னைக் கூப்பிடவில்லை. அவன் சொல்லித்தான் தெரியும். இப்போது கட்டியை மட்டும் எடுத்தால் போதாதாம். மார்பையே எடுக்க வேண்டுமாம். அக்குளிலும் பார்க்க வேண்டுமாம். ஏப்ரல் 10.

வியாழன் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். கண்டக்டர் அண்ணன் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை மூடினார். பால்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். டீச்சர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். "அப்ப நான் சொன்னது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை. பிறகு அவரே மெதுவாகச் சொன்னார். "எங்கம்மா ஆபரேஷன் மேசையிலேயே போயிட்டாங்க."

இனி விளக்கம் சொல்வதில்லை என்று பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டாராம். அவருடைய வரத்தையும் நான் கெடுத்துவிட்டேன். அல்லது அது ஆரம்பத்திலேயே... எனக்குத் தெரியாது. அதை எடைபோட நான் யார்.

நீ எழுதியதில் மிச்சத்தையும் படித்தேன். அந்த நாற்பது தகட்டை நினைத்துச் சிரித்தேன். சிரித்துவிட்டு அழுதேன்.

உன் பெரியவள்

ஏப்ரல் 6

அன்புள்ள பெரியவளுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உன்னோடு. சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா?

அவள் கூப்பிடாவிட்டாலும் பத்தாம் தேதி போ. உள்ளே விடாவிட்டால் வெளியே உட்கார். நீ இருப்பது அவளுக்குத் தெரிய வேண்டும் என்றும் இல்லை.

டீச்சருக்காகவும் வேண்டிக்கொள்கிறேன். யாருக்காக வேண்டிக்கொள்ளும்போதும் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை என்று இப்போது உனக்குத் தெரியும். அதனால் என் வேண்டுதலை நம்பிச் சும்மா இருந்துவிடாதே.

உன் சின்னவள்

ஏப்ரல் 14

அன்புள்ள சின்னவளுக்கு,

சாப்பிடுகிறேன். தூக்கம் இல்லை. உன் இருமல் எப்படி?

பத்தாம் தேதி காலை ஆறு மணிக்கே போய்விட்டேன். ஆபரேஷன் அறைக்கு வெளியே நீள பெஞ்சு. அவள் தம்பி ஒரு முனையில், நான் ஒரு முனையில். நாலரை மணி நேரம். அவன் ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். அவ்வளவுதான் பேச்சு.

மூன்றாம் நாள் வார்டு வாசலில் நர்ஸ் தடுத்தாள். "நீங்க யாரு? சொந்தமா?" என்றாள். எதிர்வீடு என்று இழுத்தேன். உள்ளேயிருந்து தையல்காரியின் குரல் வந்தது. "அவங்களை விடுங்க. எந்த மாத்திரை எதுக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும். ஆனா இங்க செபம் கிபம் ஒண்ணும் பண்ணக் கூடாதுன்னு சொல்லிடுங்க."

உள்ளே போனேன். முகம் சுருங்கியிருந்தது. ஒரு பக்கம் தட்டையாகக் கட்டுப் போட்டிருந்தது. பார்க்காத மாதிரி பார்த்தேன். அவள் நான் பார்ப்பதைப் பார்த்தாள். மாத்திரைகளை நேரப்படி பிரித்து வைத்தேன். ஒன்று இரட்டிப்பாக எழுதியிருந்தது, நர்ஸிடம் சொல்லித் திருத்தினேன். "உபயோகம்தான்" என்றாள் தையல்காரி. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நாளைக்கு வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மத்தியானம் மருந்தில் அசந்து தூங்கினாள். அப்போதுதான் அவள் பேச்சை மீறினேன். உதட்டை அசைக்காமல் செபம் பண்ணினேன். கண்டக்டர் அண்ணன் பார்த்திருந்தால் இதுவா செபம் என்றிருப்பார். "ஆண்டவரே, நான் பொய் சொன்னேன். அவளைக் கொண்டுபோயிடாதீங்க." இது மட்டும்தான். வேறெதுவும் வரவில்லை. சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. அவர் பக்கத்தில் இருந்தாரா என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பத் திரும்ப அதையே சொன்னேன்.

அக்குளிலிருந்து எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பரவியிருக்கிறதா இல்லையா என்று தெரியப் பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் நீயும் இதையே சொல், சின்னவளே. ஒன்றும் தோன்றாவிட்டாலும் சொல்.

உன் பெரியவள்